கிளாரா ஷூமான் ஏன் இசை எழுதுவதை விட்டார்?

வாசகர் கேள்வி, 8 நவம்பர் 2024

கிளாரா ஷூமான் பெரிய பியானோக் கலைஞர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இப்போது அவரை இசையமைப்பாளர் என்றும் தூக்கிப் பிடிக்கிறார்கள். பெண்ணுக்கு இசை எழுதும் ஆசை கூடாது, இதுவரை எந்தப் பெண்ணாலும் அது முடிந்ததில்லை என்று அவரே நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கணவர் போன பிறகு நாற்பது வருடம் இருந்தார், எதுவும் எழுதவில்லை. அவருக்கே இல்லாத நம்பிக்கை நமக்கு எதற்கு?

8 நவம்பர், இரவு

அந்த ஒரு வரியை வைத்தே எல்லோரும் அவர் கணக்கை முடித்துவிடுகிறார்கள். அது 1839 நவம்பரில் எழுதியது. அப்போதுதான் அவருக்கு இருபது வயது. இசையமைப்பாளர் ரொபேர்ட் ஷூமானோடு கல்யாணத்துக்கு அப்பா ஃபிரீட்ரிக் வீக் சம்மதிக்கவில்லை, வழக்கு நடந்துகொண்டிருந்தது. சின்ன வயதிலிருந்து கச்சேரி செய்து உழைத்த காசு அப்பாவின் கையில். கிளாரா பேர்லினில் அம்மாவோடு தங்கியிருந்தார். இருபது வயதுப் பிள்ளை அந்த நிலையில் தனக்குத்தானே எழுதிக்கொண்ட வரி அது. அதே ஆண்டில், பரிஸில் அப்பாவின் துணை இல்லாமல் இருந்தபோது, பியானோவுக்கு மூன்று ரொமான்ஸ், பாட்டுப் போன்ற சின்ன உருப்படிகள், எழுதினார். ஓபஸ் 11 (ஓபஸ் என்பது ஒருவரின் படைப்புகளுக்கு இடும் வரிசை எண்). அதைக் கேட்டுவிட்டு வாருங்கள், பிறகு கதைப்போம்.

9 நவம்பர்

காலையில் திகதியைப் பார்த்ததும் நினைவு வந்தது. 1835ஆம் ஆண்டு இதே நவம்பர் 9ஆம் நாள்தான் லைப்சிக் கெவாண்ட்ஹவுஸ் மண்டபத்தில் கிளாராவின் பியானோ கொன்செர்ட்டோ, அதாவது பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் பெரிய உருப்படி, அரங்கேறியது. ஏ மைனர், ஓபஸ் 7. வாசித்தவரும் அவர்தான். வயது பதினாறு. இசைக்குழுவை நடத்தியவர் இசையமைப்பாளர் மென்டெல்சோன். எழுதத் தொடங்கியபோது கிளாராவுக்குப் பதின்மூன்று.

நான் இதை முதலில் கேட்டது எங்கள் நகர நூலகத்தில், ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு. முதல் பகுதி முடியாமலே இரண்டாவதற்குள் போய்விடுகிறது. திடீரென்று இசைக்குழுவின் சத்தம் முழுவதும் நின்றுவிட்டது. சீடி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து ஒலியைக் கூட்டினேன். இல்லை, பியானோ மட்டும் தனியே வாசித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரேயொரு செல்லோ பக்கத்தில் வந்து அமர்ந்தது போல அந்த மெட்டை எடுத்துக்கொண்டது. மண்டபம் நிறைய வாத்தியக்காரர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க, இரண்டு பேர் மட்டும் பேசிக்கொள்கிறார்கள். ஒரு கொன்செர்ட்டோவில் இப்படிச் செய்யலாம் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தோன்றியது? அன்றைக்குப் பேருந்தைத் தவறவிட்டேன்.

9 நவம்பர், பிறகு

ஒன்று சொல்ல மறந்தேன். எனக்கு கிளாரா முதலில் அறிமுகமானது இசையால் இல்லை, காசால். ஜேர்மனியில் 1990களில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்குப் புரியும். அப்பா உணவகச் சமையலறையில் வேலை. சம்பளம் வரும் நாளில் அம்மா மேசையில் தாள்களை அடுக்குவார்: இது வாடகை, இது ஊருக்கு, இது சீட்டுக்கு. ஊருக்குப் போகிற தாள் எப்போதும் நூறு மார்க், நீல நிறம். அதில் தலையை வழித்து வாரிய ஓர் இளம்பெண். பின்பக்கம் ஒரு பெரிய பியானோ. அரசி என்றுதான் நினைத்தேன். யார் என்று ஒருநாள் கேட்டபோது அப்பா தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பியானோக்காரி போல, பிள்ளை" என்றார். யூரோ வந்து அந்தத் தாள் போய்விட்டது. அம்மா ஒன்றை மட்டும் மாற்றாமல் பைபிளுக்குள் வைத்திருக்கிறார்.

11 நவம்பர்

"கொன்செர்ட்டோவை ரொபேர்ட் ஷூமான் எழுதிக்கொடுத்தார் என்று படித்தேனே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். இன்று மூன்றாம் பகுதியாக இருப்பதைத்தான் கிளாரா முதலில் தனி உருப்படியாக எழுதினார். அதற்கு இசைக்குழுப் பங்குகளைப் பிரித்துக்கொடுக்க ரொபேர்ட் உதவினார். அவ்வளவுதான். முதல் இரண்டு பகுதிகளும் அதற்குப் பின்னால் கிளாரா எழுதிச் சேர்த்தவை. முந்தாநாள் நான் மெய்மறந்து சொன்ன அந்த நடுப்பகுதியும் அவற்றில் ஒன்று.

13 நவம்பர்

கிளாராவின் அப்பாவைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்கு இந்த மனிதரிடம் இரண்டு மனம்.

வீக் பியானோ ஆசிரியர், பியானோ வியாபாரியும். அம்மா மரியானே பாடகி, பியானோவும் வாசிப்பார், கெவாண்ட்ஹவுஸ் மேடை ஏறியவர். கிளாராவுக்கு நான்கு வயது கடந்தும் சரியாகப் பேச்சு வரவில்லை, காது கேட்கவில்லையோ என்று பயந்தார்கள். ஐந்து வயது ஆகும் முன்பே அப்பாவும் அம்மாவும் பிரிந்தார்கள். அன்றைய சக்சன் சட்டப்படி பிள்ளை அப்பாவுக்குச் சொந்தம், அதனால் ஐந்து வயது முடிந்ததும் அம்மாவிடமிருந்து எடுத்துவிட்டார். ஏழு வயதுப் பிள்ளைக்காக ஒரு நாட்குறிப்புத் தொடங்கினார். அதை அவரே எழுதினார், "நான்" என்று மகளின் குரலில். "என் அப்பா" என்று அப்பாவே எழுதினார். மகளுக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை அந்தக் கொப்பியில் அவர் கையும் கலந்தே இருந்தது. இதைப் படித்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் அதே மனிதர்தான் மகளை வெறும் வாசிக்கிற கையாக வளர்க்கவில்லை. வாசிப்பு ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் கிடையாது, தினமும் நீண்ட நடை கட்டாயம். வாசிப்போடு பாட்டு, வயலின், இசை இலக்கணம், எதிரிசைப் பயிற்சி (பல குரல்களை ஒன்றோடொன்று பின்னி எழுதுவது) எல்லாவற்றுக்கும் நல்ல ஆசிரியர்களிடம் அனுப்பினார். காரணம் தொழில்தான். அந்தக் காலத்தில் மேடையேறும் பியானோக்காரர் தன் சொந்த உருப்படியையும் வாசித்தாக வேண்டும். 1828 ஒக்டோபரில், ஒன்பது வயதில், முதன்முதல் மேடை. 1830 நவம்பரில் முழுக்கச்சேரி. 1831இல், பதினோரு வயதில், ஓபஸ் 1 அச்சில் வந்துவிட்டது. பல் துலக்குவது போல இசை எழுதியும் பழகியவர் கிளாரா. பெண்ணால் முடியாது என்ற எண்ணம் அவருக்குள் பின்னால் வந்து குடியேறியது.

14 நவம்பர்

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1837-38 குளிர்காலத்தில் வியன்னாவில் பதினெட்டு வயதுக் கிளாராவுக்காக ஊரே திரண்டது. பேரரசின் அரச சபைக் கலைஞர் என்ற பட்டம் மார்ச் மாதம் கொடுத்தார்கள். கவிஞர் கிரில்பார்ட்சர் அவரைப் பற்றிக் கவிதை எழுதினார். உணவகங்களில் "வீக் கேக்" என்று ஒன்று விற்றது. கேக்கின் செய்முறை யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள், மகளின் பிறந்தநாளுக்குச் செய்து பார்க்கலாம்.

17 நவம்பர்

கல்யாணத்துக்கு வருவோம், எனக்குச் சொல்ல நிறைய இருப்பது இங்கேதான்.

1840 செப்ரெம்பர் 12, லைப்சிக் பக்கத்தில் ஷோனெஃபெல்ட் தேவாலயம். மறுநாள் கிளாராவுக்கு இருபத்தொரு வயது. நீதிமன்றம் போய் அனுமதி வாங்கிய கல்யாணம். இருவரும் சேர்ந்து ஒரு குடும்ப நாட்குறிப்பு எழுதினார்கள், முறை வைத்து. அதில் கிளாராவின் முறைகளில் திரும்பத் திரும்ப வருவது ஒரே கவலை: பியானோ பின்னுக்குப் போகிறது. ரொபேர்ட் மேசையில் எழுதும்போது பக்கத்து அறையில் வாசிக்கக் கூடாது. சுவர் மெல்லியது. அவர் மாலையில் பியர் குடிக்க வெளியே போனால்தான் பியானோவைத் திறக்கலாம்.

எனக்கு இது கதை இல்லை. எங்கள் மாடிக் குடியிருப்பின் சட்டதிட்டத் தாள் கீழ்வாசலில் ஒட்டியிருக்கிறது: மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை அமைதி, இரவு பத்திலிருந்து அமைதி, ஞாயிறு முழுநாளும் அமைதி. என் வேலையோ காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு. வீட்டுக்கு வந்தால் மூன்று வரை தொடக்கூடாது. மூன்றுக்குப் பிள்ளைகள் வருவார்கள், பிறகு சமையல், வீட்டுப்பாடம், தமிழ்ப் பள்ளி. ஹெட்ஃபோன் போட்டு டிஜிட்டல் பியானோவில் இரவு பதினொன்றுக்கு வாசித்தேன், கீழ்வீட்டு மூதாட்டி கட்டைகள் அடிபடும் சத்தம் கேட்கிறது என்றார். பாவம், அவரும் தூங்க வேண்டும். ஒரு சுரம் தலைக்குள் வந்து, அதை எழுத உட்காரும் நேரத்துக்குள் போய்விடும். அந்த இழப்பு வெளியே யாருக்கும் தெரியாது. இரவு அடுப்படியைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் அது போய்விட்டது என்பது நமக்கே தெரியும்.

கிளாராவுக்கு எட்டுப் பிள்ளைகள். மரீ 1841, எலிசே 1843, யூலீ 1845, எமில் 1846, லுட்விக் 1848, ஃபெர்டினாண்ட் 1849, ஒயகெனி 1851, ஃபீலிக்ஸ் 1854. எமில் ஒரு வயதில் இறந்துவிட்டான். பிள்ளைகளும், எப்போதும் கற்பனை உலகத்தில் வாழும் கணவனும் இருந்தால் இசை எழுத வாய்ப்பில்லை, கிளாராவின் எத்தனையோ எண்ணங்கள் இப்படி வீணாகிப் போவது வருத்தம் என்ற பொருளில் ரொபேர்ட்டே எழுதியிருக்கிறார். தெரிந்திருந்தது அவருக்கு. தெரிந்தும் அறை மாறவில்லை.

17 நவம்பர், நள்ளிரவு

கடைசி வரி கொஞ்சம் கடுமை. ரொபேர்ட்டுக்கு மனநோய் இருந்தது, சம்பாத்தியம் நிலையில்லை. எழுதச் சொல்லித் தூண்டியவரும் அவரே, பதிப்பகத்துக்கு அனுப்பியவரும் அவரே. ஆனால் அழிக்கவில்லை, வரி அப்படியே இருக்கட்டும்.

19 நவம்பர்

1841இல் ரூக்கெர்ட்டின் கவிதைகளுக்கு இருவரும் சேர்ந்து பாடல் எழுதினார்கள். மொத்தம் பன்னிரண்டு, அதில் மூன்று கிளாராவுடையவை. எது யாருடையது என்று குறிப்பிடாமலே அச்சிட்டார்கள். அச்சுப் பிரதியை ரொபேர்ட் கிளாராவின் பிறந்தநாளுக்குக் கொடுத்தார். கேட்டவர்களுக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நீங்களே கண்டுபிடித்துப் பாருங்கள், பதில் கீழே வேறொரு நாளில் எழுதுகிறேன்.

எங்கள் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்குச் சிறுவர் பாடல் ஒன்றுக்கு நான் மெட்டுப் போட்டேன். துண்டுப்பிரசுரத்தில் "இசை" என்ற இடத்தில் என் கணவரின் பெயர் வந்திருந்தது. படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர், அதனால் எழுதியவர்கள் அப்படியே போட்டுவிட்டார்கள். யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. இருந்தாலும் அந்தத் தாளை நான் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

23 நவம்பர்

இன்று முழுவதும் ட்ரியோ கேட்டேன். ஜி மைனர், ஓபஸ் 17, பியானோ, வயலின், செல்லோ. 1846 கோடை. அந்தக் கோடையில் அவருக்குக் கரு கலைந்தது. அதற்கு முந்தைய பெப்ரவரியில்தான் எமில் பிறந்திருந்தான். உடம்பு இந்தப் பாடு படும்போது இவ்வளவு கட்டுக்கோப்பான ஒன்றை எழுத முடிந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

மூன்றாம் பகுதியை மட்டும் கேளுங்கள். பியானோ தனியாகத் தொடங்குகிறது, ஒரு தாய் யாரையும் எழுப்பாமல் விடியக்காலையில் வேலை தொடங்குவது மாதிரி. பிறகு வயலின் அதே மெட்டை வாங்கிக்கொள்கிறது. நடுவில் ஒரு கலக்கம். அது அடங்கி மெட்டு திரும்ப வரும்போது செல்லோவின் கையில் இருக்கிறது, பழைய சொல் வயதான குரலில் வருவது போல. கடைசிப் பகுதியில் ஒரு குரல் தொடங்கியதை அடுத்த குரல் துரத்திப் பிடிக்கும் ஃபூகா வருகிறது. முந்தைய ஆண்டு டிரெஸ்டனில் இருவரும் உட்கார்ந்து பாக்கைப் படித்ததன் பலன்.

இதை எழுதியவரோ, அடுத்த ஆண்டு ரொபேர்ட்டின் டி மைனர் ட்ரியோ வந்ததும், தன்னுடையது பெண்தனமாகவும் உணர்ச்சி வழிவதாகவும் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டார். வயலின் கலைஞர் யோவாகிம் பல ஆண்டு கழித்து அவருக்கு எழுதிய கடிதத்தில், இவ்வளவு திடமான ஒன்றைப் பெண் எழுதினாள் என்று நம்பத் தான் மறுத்ததையும் அதற்கு மென்டெல்சோன் சிரித்ததையும் நினைவுகூர்ந்தார். அவர் அதைப் பாராட்டாகத்தான் எழுதினார். நான் படித்த இசைப்பள்ளியிலும் (பெயர் வேண்டாம்) ஓர் ஆசிரியர் என் கொப்பியைப் பார்த்து, யாருடையதைப் பார்த்து எழுதினாய் என்று கேட்டார். எனக்கு அப்போது பதினான்கு வயது. அந்தக் கொப்பியில் அதற்குப் பிறகு நான் எதுவும் எழுதவில்லை.

24 நவம்பர்

டிரெஸ்டன் என்றதும் இன்னொன்று. இசையோடு சேராதது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1849 மே மாதம் டிரெஸ்டனில் கிளர்ச்சி. ஆண்களைப் பிடித்துப் படையில் சேர்க்க வீடு வீடாக வந்தார்கள். கிளாரா ரொபேர்ட்டையும் மூத்த மகள் மரீயையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே போய்விட்டார், மற்றப் பிள்ளைகள் வேலைக்காரியோடு வீட்டில். பிறகு அதிகாலை மூன்று மணிக்கு இரண்டு பெண்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு வயல்வழியே நடந்து, துப்பாக்கிச் சத்தம் கேட்கும் நகரத்துக்குள் போய், தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை எடுத்துக்கொண்டு திரும்பினார். வயிற்றில் ஏழு மாதம். எங்கள் அம்மாவும் ஒருநாள் அப்படித்தான் எங்களைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன்.

30 நவம்பர்

டூசல்டோர்ஃப் போய்வந்தேன். பில்கர் வீதி 15, அவர்கள் குடும்பமாகக் கடைசியாக வாழ்ந்த வீடு, இப்போது நினைவில்லம். படியில் நின்று கையால் சுவரைத் தட்டிப் பார்த்தேன், பக்கத்தில் நின்ற பெண்மணி விநோதமாகப் பார்த்தார்.

ஏன் தட்டினேன் என்றால், ரொபேர்ட்டுக்குத் தொந்தரவில்லாமல் வாசிக்கக் கிளாராவுக்கென்று இடம் கிடைத்தது இந்த வீட்டில்தான். நடந்தது என்ன? சில ஆண்டுகளாக ஒன்றும் எழுதாமல் இருந்தவர் 1853 கோடையில் கடகடவென்று எழுதித் தள்ளினார். ரொபேர்ட்டின் மெட்டை எடுத்துப் பலவிதமாக மாற்றி எழுதிய வேரியேஷன்கள், ஓபஸ் 20, அவர் பிறந்தநாளான யூன் 8க்குப் பரிசு. பியானோவுக்கு மூன்று ரொமான்ஸ், ஓபஸ் 21. வயலினுக்கும் பியானோவுக்கும் மூன்று ரொமான்ஸ், ஓபஸ் 22, யோவாகிமுக்கு அர்ப்பணம். ஆறு பாடல்கள், ஓபஸ் 23. எல்லாம் ஒரே கோடை. கேள்வி கேட்ட அண்ணை, உங்களுக்கு என் பதில் இதுதான்: திறமையும் நம்பிக்கையும் போகவில்லை. கதவுள்ள ஓர் அறை கிடைத்ததும் நான்கு ஓபஸ் வந்தது.

30 நவம்பர், பேருந்தில்

மறுவருடம் பெப்ரவரி 27, கார்னிவல் திங்கள், ரொபேர்ட் வீட்டிலிருந்து செருப்போடு நடந்துபோய் ரைன் ஆற்றில் குதித்தார். காப்பாற்றினார்கள். மார்ச் முதல் வாரத்தில் பான் பக்கத்து எண்டனிஷ் மனநோய் மருத்துவமனைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. மருத்துவர்கள் இரண்டரை ஆண்டு கிளாராவைப் பார்க்க விடவில்லை. இறப்பதற்கு இரண்டு நாள் முன்புதான் பார்த்தார். 1856 யூலை 29.

4 டிசம்பர்

நான்கு நாளாக என் பதிலையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அது பாதிதான் சரி.

அறை கிடைத்ததும் எழுதினார் என்றால், 1856க்குப் பிறகு வீடு முழுக்க அவருடையதுதானே. பிராங்பேர்ட்டில் சொந்த வீடு, பெயர், மரியாதை எல்லாம் இருந்தது. ஏன் எழுதவில்லை?

முதல் காரணம் காசு. ஏழு பிள்ளைகள். நண்பர்கள் நிதிக் கச்சேரி வைக்க முன்வந்தபோது வேண்டாம் என்றார், தன் கையால் சம்பாதிக்கிறேன் என்று. ஃபீலிக்ஸ் யூன் மாதம் பிறந்தான், ஒக்டோபரில் சுற்றுப்பயணம் கிளம்பிவிட்டார். ரயிலில், குளிரில், கை வாதத்தோடு. இங்கிலாந்துக்கு மட்டும் பத்தொன்பது தடவை. நம் அம்மாமார் பலருக்கு இது புதிய கதை இல்லை.

ஆனால் காசு மட்டும் என்று சொன்னால் அவரைச் சின்னதாக்குகிறேன். கச்சேரி என்பதையே மாற்றியவர்களில் அவர் ஒருவர். சின்ன வயதில் அவர் வாசித்தது ஹெர்ஸ், பிக்சிஸ் போன்றவர்களின் விரல் வித்தை உருப்படிகள், கூடவே சொந்த உருப்படி. போகப் போக அதை விட்டு பாக், பேத்தோவன், ஷோப்பான், ஷூமான் என்று போனார். இசைத்தாள் வைக்காமல் மனப்பாடமாக வாசித்தார். 1837இல் பேர்லினில் பேத்தோவனின் அப்பாசியொனாட்டா என்ற பியானோ உருப்படியைத் தாள் இல்லாமல் வாசித்தபோது எழுத்தாளர் பெட்டினா ஃபொன் ஆர்னிம் அதைத் திமிர் என்றார். இன்று தாள் வைத்தால்தான் மக்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். மற்றவர்களின் பெரிய படைப்பை முன்வைப்பதே வாசிப்பவரின் கடமை என்ற முறையை அவரே கட்டினார். அந்த முறைக்குள் "நான் எழுதியது" என்பதற்கு இடம் சுருங்கிவிட்டது. தான் கட்டிய வீட்டில் தனக்கே அறை வைக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மேடை அவருக்கு மூச்சு. தன் கச்சேரித் துண்டுப்பிரசுரங்களை ஒன்பது வயதிலிருந்து சேர்த்துவைத்தார், ஏறக்குறைய 1,300. இன்றும் ட்சுவிக்காவ் ஊரில் ஷூமான் இல்லத்தில் இருக்கின்றன. துயரம் வந்தபோதெல்லாம் மேடைக்குத்தான் ஓடினார். நான் "அவரிடமிருந்து எழுத்தைப் பறித்தார்கள்" என்று மட்டும் சொன்னால், அவர் தேர்ந்தெடுத்ததை நானும் பறிப்பவள் ஆகிறேன்.

5 டிசம்பர்

இசையமைப்பாளர் பிராம்ஸ் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ரொபேர்ட் மருத்துவமனையில் இருந்த காலத்தில் இருபத்தொரு வயது இளைஞரான அவர் வீட்டில் நின்று பிள்ளைகளைப் பார்த்தார், கிளாரா பயணம் போனபோது செலவுக் கணக்கு எழுதினார். பிறகு சாகும்வரை நட்பு. தம் கடிதங்களைத் திருப்பிக் கொடுத்துப் பலவற்றை அழித்துவிட்டார்கள், மற்றவர் படிக்க வேண்டாம் என்றுதான். நான் அங்கேயே நின்றுகொள்கிறேன்.

5 டிசம்பர், இரவு

ஒரு திருத்தம், கேள்வியிலும் என் பதிலிலும். 1856க்குப் பிறகு ஒன்றுமே எழுதவில்லை என்பது தவறு. அந்த ஆண்டே பி மைனரில் ஒரு ரொமான்ஸ் இருக்கிறது. 1879இல் நண்பர் தம்பதியரின் ஐம்பதாவது திருமண நாளுக்கு நான்கு கைக்கு ஓர் அணிவகுப்பு இசை. அத்தோடு மொசார்ட், பேத்தோவன் கொன்செர்ட்டோக்களுக்குக் கெடென்சா, அதாவது இசைக்குழு நிற்கும் இடத்தில் பியானோ தனியே விரித்து வாசிக்கும் பகுதி. மொசார்ட்டின் டி மைனர் கெடென்சாவை 1891இல் அச்சுக்குக் கொடுக்கும்போது அதில் பிராம்ஸிடமிருந்து கொஞ்சம் எடுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, அவர் பெயரையும் போடவா என்று எழுதிக் கேட்டார். அப்படியானால் என் நல்ல மெட்டுகளுக்கெல்லாம் நான் உங்கள் பெயரைப் போட வேண்டிவரும் என்ற பொருளில் பிராம்ஸ் பதில் எழுதினார்.

10 டிசம்பர்

எல்லாவற்றையும் பூசி மெழுக வேண்டாம் என்று ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். சரி. 1893இல் ரொபேர்ட்டின் செல்லோ ரொமான்ஸ்கள் ஐந்தைக் கிளாரா எரித்துவிட்டார், அவருடைய தரத்துக்கு வராது என்று. வயலின் கொன்செர்ட்டோவையும் வெளியே விடவில்லை, 1937இல்தான் அது மேடை கண்டது. பிள்ளைகள் விடுதிகளிலும் உறவினர் வீடுகளிலும் வளர்ந்தார்கள். லுட்விக்கை மனநோய் மருத்துவமனையில் விட வேண்டி வந்தது. யூலீ 1872இலும், ஃபீலிக்ஸ் 1879இலும், ஃபெர்டினாண்ட் 1891இலும் தாய்க்கு முன்னால் போனார்கள். ஃபெர்டினாண்டின் பிள்ளைகளையும் எழுபதை நெருங்கிய பாட்டிதான் தாங்கினார். எரித்தது எனக்கு மன்னிக்க முடியாத ஒன்று. மற்றதற்கெல்லாம் நான் யார் கணக்குக் கேட்க?

14 டிசம்பர்

1878இல் பிராங்பேர்ட்டில் ஹோஹ் இசைக்கல்லூரி தொடங்கியபோது பியானோவுக்கு முதன்மை ஆசிரியர் அவர்தான். ஒரு நாளைக்கு ஒன்றரை மணித்தியாலம், அதுவும் என் வீட்டில், கச்சேரிக்கு மாதக்கணக்கில் விடுப்பு என்று நிபந்தனை போட்டுத்தான் சேர்ந்தார். காசுத்தாளின் பின்பக்கத்தில் பியானோவோடு தெரிந்த கட்டடம் அந்தக் கல்லூரிதான், எனக்கு முப்பது வருடம் கழித்துத் தெரிந்தது. அவர் வாசிப்பு எதிலும் பதிவாகவில்லை. மாணவிகள் ஃபேனி டேவிஸ், அடெலினா டி லாரா இருவரின் இசைத்தட்டுகள் உண்டு. கிர்ரென்ற இரைச்சலுக்கு அடியில் கேட்டுப் பாருங்கள், அவசரமே இல்லை, பாட்டுப் பாடுவது போல மூச்சு விட்டு வாசிக்கிறார்கள்.

கடைசி மேடை 1891 மார்ச். இறந்தது 1896 மே 20. பேரன் ஃபெர்டினாண்டிடம் ரொபேர்ட்டின் எஃப் ஷார்ப் மேஜர் ரொமான்ஸை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அவர் காது கேட்ட கடைசி இசை அது.

15 டிசம்பர்

ரூக்கெர்ட் பாடல்களில் கிளாராவுடையவை எவை என்ற விடையை மறந்தேன். இரண்டு, நான்கு, பதினொன்று. சரியாகச் சொன்னவர் ஒருவர்தான், அவரும் பாடகி.

28 டிசம்பர்

பான் நகரப் பழைய மயானம். இருவரின் கல்லறையும் ஒன்று. மேலே ரொபேர்ட்டின் முகம் செதுக்கிய வட்டம். கீழே அவரை அண்ணாந்து பார்த்தபடி கலைத்தெய்வமாக ஒரு பெண், அது கிளாராவின் முகம். 1880இல் திறந்தபோது அவரே நேரில் வந்து பார்த்தார். ஓபஸ் 17 எழுதியவர், அரை நூற்றாண்டு மேடை ஆண்டவர், கல்லில் காலடியில் உட்கார்ந்திருக்கிறார். பத்து வருடம் முன் வந்தபோது எனக்கு இதைப் பார்த்துக் கோபம். இந்த முறை என் மகள் வெகுநேரம் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மா, இவங்களுக்கும் கழுத்து வலிக்கும்" என்றாள். குளிர். அம்மா தந்துவிட்ட செவ்வந்தியை வைத்துவிட்டு வந்தோம்.

11 ஜனவரி 2025

மகள் பள்ளியில் செல்லோ படிக்கிறாள், நான்காவது வருடம். கொன்செர்ட்டோவின் நடுப்பகுதிக்கு இசைக்குழு வேண்டாம் என்பது இத்தனை எழுதியபிறகுதான் எனக்கு உறைத்தது. பியானோ ஒன்று, செல்லோ ஒன்று, இரண்டும் வீட்டிலேயே இருக்கின்றன. நூலகத்திலிருந்து தாளை எடுத்து அவளுடைய பக்கத்தைப் பெரிதாக்கிப் பிரதி எடுத்தேன். ஏ ஃப்ளாட் மேஜர், கட்டையில் கறுப்பு நிறைய, என் இடது கைக்குக் கிளாராவின் கைவீச்சு இல்லை, பெரிய கோர்வைகளைப் பிரித்துத்தான் வாசிக்க வேண்டும். அவள் வரும்வரை இரண்டு பக்கத்துக்கு மேல் நான் தனியே வாசிக்க, வில்லை மடியில் வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருப்பாள்.

இன்று சனி. வில்லுக்கு மெழுகு தேய்த்தாகிவிட்டது, சுருதி சேர்த்தாகிவிட்டது. மணி இரண்டு நாற்பது. மூன்று ஆகட்டும் என்று இருவரும் உட்கார்ந்திருக்கிறோம்.